உரைஞ்சாமற் கழுவுதல்



மோட்டார் வண்டியைக் கழுவுவதற்கும் ஒரு பேச்சு வேண்டுமோ என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். ஒரு வாளி தண்ணீரும் ஒரு துண்டுத் துணியும் கையிற் கொஞ்சம் வலுவும் இருந்தாற் போதும், இதிற் கற்பதற்கு என்ன உண்டு என்பதே பொதுவான எண்ணம். அந்த எண்ணந்தான் நம் வண்டிகளிற் பலவற்றை உரிய காலத்துக்கு முன்னரே மங்கச் செய்கின்றது. வெயிலும் கடற்காற்றும் செய்யும் கேடு ஒரு பங்கு என்றால், ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் மிக்க அன்போடு செய்யும் கேடு அதற்குக் குறைந்ததன்று. கழுவாமையாற் கெட்ட வண்டிகளை நான் கண்டதுண்டு. ஆயினும், கழுவிக் கழுவியே கெட்ட வண்டிகளை அவற்றினும் மிகுதியாகக் கண்டிருக்கின்றேன்.

இந்நாட்டில் மோட்டார் வண்டி என்பது எண்ணியபோது மாற்றிக்கொள்ளக்கூடிய பொருளன்று. 1950களில் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கிய ஒஸ்ரின் வண்டிகளும் மொறிஸ் மைனர்களும் யாழ்ப்பாணத்து வீதிகளிலே தந்தையின் காலம் கழிந்து மகனின் காலத்திலும் ஓடின. 1990களிற் பெற்றோல் வரத்துத் தடைப்பட்டிருந்தபோது, சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை எழுப்பிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட அவ்வண்டிகளின் புகையையும் இரைச்சலையும் வடபகுதி மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். அதன் பின் 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அது மீளத் திறக்கப்படுவதற்கு 2025ஆம் ஆண்டு பிறக்க வேண்டியதாயிற்று. திறந்த பின்னரும், தீர்வையோடு சேர்ந்த விலை ஓர் ஆசிரியரோ எழுதுவினைஞரோ எட்டிப் பிடிக்கக்கூடியதாக இருக்கவில்லை. ஆகவே, கையிலுள்ள வண்டியை இன்னும் பத்து ஆண்டுகள் காப்பாற்றுவது எப்படி என்பதே பல குடும்பங்களின் கேள்வியாகின்றது. இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வதற்குத் தொழிலறிந்த மெக்கானிக்கு உண்டு. வண்டியின் தோலைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாமே.

தோல் என்று சொன்னது வெறும் அலங்காரத்துக்காகவன்று. தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டியின் இரும்புத் தகட்டின்மேல் முதலில் துருவைத் தடுக்கும் பூச்சும், அதன்மேல் அடிப்பூச்சும், அதன்மேல் நிறமும், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற தெளிந்த பூச்சொன்றும் இருக்கின்றன. இவை யாவும் சேர்ந்த தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் அதிலும் சற்றே கூட. பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பியில் ஒரு தாளைத் தொட்டுப் பாருங்கள், ஏறத்தாழ அவ்வளவுதான். மினுமினுப்பைத் தருவதும், வெயிலின் புறஊதாக் கதிரிலிருந்து கீழேயுள்ள நிறத்தைக் காப்பதும் மேலே உள்ள தெளிபூச்சு. அது மாத்திரம் 35 முதல் 50 மைக்கிரோன்; ஆயிரம் மைக்கிரோன் கொண்டது ஒரு மில்லிமீற்றர். அதாவது, கொப்பித் தாளில் ஏறக்குறையப் பாதி. இந்தப் பாதித் தாளை நம்பித்தான் வண்டி வெயிலில் நிற்கின்றது. பழைய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளுக்கு இத்தெளிபூச்சும் இல்லை, நிறமே மேற்பரப்பு. அவ்வாறான வண்டியை மினுக்கும்போது துணியிற் பச்சையோ நீலமோ ஏறுவதைக் கண்டு, அழுக்குப் போகின்றது என்று மகிழ்பவர் உளர். போவது அழுக்கன்று; வண்டிதான்.

நம்மவர்களுக்குச் சுத்தம் செய்தல் என்றால் உரைஞ்சுதல் என்றே பொருள். அதற்குக் காரணமும் உண்டு. நம் வீடுகளிற் பித்தளைக் குடமும் குத்துவிளக்கும் புளியும் சாம்பலும் இட்டு, தும்பினால் உரைஞ்சப்பட்டே துலங்கின. எவ்வளவுக்கு அழுத்தமோ அவ்வளவுக்குப் பளபளப்பு. பித்தளை மேலும் பித்தளை, உள்ளும் பித்தளை. மேலே ஒரு சிறிது தேய்ந்தால் உள்ளிருப்பதும் அதுவே. அந்தக் கைப்பழக்கத்தை அப்படியே வண்டியின் மேல் இறக்குகின்றோம். வண்டி குடமன்று. நான் முன்னர் கற்பித்த பாடசாலையொன்றில் விளையாட்டுப் போட்டிக்குரிய வெற்றிக் கிண்ணங்கள் இருந்தன. வெள்ளி முலாம் பூசியவை. பரிசளிப்பு விழாவுக்கு முதல்நாள் மாணவர் இருவர் அவற்றை மிகுந்த ஊக்கத்தோடு தேய்த்து வைப்பார்கள். ஆண்டுதோறும் அவ்வூக்கம் வளர்ந்து, ஈற்றிற் கிண்ணங்களின் வயிற்றிலும் கைபிடியிலும் வெள்ளி மறைந்து பித்தளை மஞ்சளாக எட்டிப் பார்த்தது. அந்த மாணவரிற் குறை காண்பதற்கில்லை. அவர்கள் கற்றபடி செய்தார்கள்.

வண்டி கழுவும் பையன்களின் நிலையும் அதுவே. முற்றத்திற் கதிரை போட்டு அமர்ந்திருக்கும் உரிமையாளர், “நல்லா உரஞ்சு தம்பி, கை வலிக்குதோ?” என்று அதட்டுகின்றார். அப்பிள்ளையின் உழைப்பு அவன் அழுத்தும் அழுத்தத்தால் அளக்கப்படுகின்றது. மெதுவாகக் கையை ஓட்டுபவன் சோம்பேறி எனப் பெயர் பெறுகின்றான். ஆறு மாதம் கழித்துப் பொனெற்றிற் கீறல்கள் தெரியும்போது, கவனமில்லாமற் கழுவினான் என்று பழியும் அவன்மேலேயே விழுகின்றது. இதைச் சொல்லவே இன்று முக்கியமாக வந்தேன் எனலாம். முறையை அறிந்துகொள்ள வேண்டியவர் முதலில் அந்தக் கதிரையில் இருப்பவர்.

கீறுவது துணியன்று, தண்ணீருமன்று. இரண்டுக்கும் இடையில் அகப்பட்ட தூசி. ஜேர்மனிய அறிஞராகிய பிரெடெரிக் மோஸ் என்பவர் 1812ஆம் ஆண்டிற் கனிப்பொருள்களின் வன்மையை ஒன்று முதல் பத்து வரை நிரைப்படுத்தினார். எது எதைக் கீறும் என்பதே அந்த அளவுகோலின் அடிப்படை. நகம் அதில் இரண்டரை அளவில் நிற்கின்றது. கண்ணாடி ஏறத்தாழ ஐந்தரை. மணலில் மிகுந்துள்ள குவாட்ஸ் என்னும் படிகம் ஏழு. கண்ணாடியையே கீறவல்ல பொருள், பிளாஸ்ரிக் போன்ற மென்மையுடைய பூச்சை என்ன செய்யும் என்று நீங்களே உய்த்துணரலாம். நம் வீதிப் புழுதியில் இம்மணல் கண்ணுக்குத் தெரியாத பொடியாக இருக்கின்றது. அது வண்டியின்மேற் சும்மா கிடக்கும்போது தீங்கு சிறிது. ஒரு துணியை வைத்து அழுத்தி இழுத்தவுடன், துணி உப்புத்தாளாகின்றது.

இவ்வாறு விழும் கீறல் ஒவ்வொன்றும் மயிரிழையினும் நுண்ணியது. ஆயினும் வெயிலில் ஒரு கறுப்பு வண்டியின் முன்னே நின்று, சூரியனின் ஒளிப்பொட்டு விழும் இடத்தைப் பாருங்கள். அதனைச் சூழ்ந்து சிலந்திவலை பின்னியது போல் வட்ட வட்டமாக இழைகள் தோன்றும். உண்மையில் அக்கீறல்கள் எல்லாத் திசைகளிலும் கிடக்கின்றன. ஒளிப்பொட்டைச் சுற்றி வளைந்தாற்போல அமைந்தவை மாத்திரமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புவதால் வட்டமாகத் தெரிகின்றன. நாம் நகர்ந்தால் வலையும் கூடவே நகரும். தொலைவிலிருந்து பார்க்கும்போது இவையெல்லாம் கூடி, நிறம் மங்கிவிட்டது என்ற தோற்றத்தைத் தருகின்றன. பொலிஷ் போட்டு இதனைப் போக்கலாமே என்பீர்கள். போக்கலாம். ஆனாற் பொலிஷ் செய்வதென்பது, கீறலின் ஆழம் வரையில் சுற்றியுள்ள பூச்சையும் சீவிவிடுவதாகும். பாதித் தாளில் எத்தனை முறை சீவ முடியும்?

எனவே, கண்டிக்க வேண்டிய முதல் வழக்கம் காலைதோறும் உலர்ந்த துணியால் வண்டியைத் துடைப்பது. சாரதிமார் இதனை ஒரு நித்திய கருமமாகச் செய்வர். இரவு விழுந்த புழுதியை உலர்ந்த மஞ்சட் துணியால் வட்டமாகத் துடைத்து, உதறி, மீண்டும் துடைப்பர். வண்டிக்கு ஓராண்டில் ஏற்படும் கீறல்களிற் பெரும்பங்கு இந்த ஐந்து நிமிட வேலையால் ஏற்படுவன என்பது என் துணிபு. புழுதியோடு ஒருநாள் ஓடுவதால் வண்டிக்கு ஒன்றும் நேர்ந்துவிடாது. கண்ணாடிகளை மட்டும் நீர் விட்டுத் துடையுங்கள். மற்றதைக் கழுவும் நாள் வரையில் தொடாது விடுங்கள். துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. அன்று மாலை வரை அது மினுங்கும். மறுநாள் அந்த எண்ணெய்ப் பசையே வீதிப் புழுதி முழுவதையும் வரவேற்று உட்கார வைக்கும்.

இனிக் கழுவும் முறைக்கு வருவோம். வண்டி நிழலில் நிற்க வேண்டும். ஓடி வந்த சூட்டோடு கழுவுதல் கூடாது. புறங்கையைப் பொனெற்றில் வைத்துப் பாருங்கள். சூடு தெரியாதிருந்தால் தொடங்கலாம். கழுவுபவர் கையிலுள்ள மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைப்பது நன்று. இடுப்புப் பட்டியின் கொளுக்கி கூரையை எட்டிக் கழுவும்போது கதவில் நீண்ட கோடு இழுப்பதைப் பலர் கவனிப்பதில்லை. நம்மூர்ச் சாரம் இவ்விடயத்தில் மிகச் சிறந்த உடை.

முதலில் துணியை மறந்துவிடுங்கள். தண்ணீர் மாத்திரம். கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி, குழாயாலோ பூவாளியாலோ வண்டி முழுவதும் நனையும்படி ஊற்ற வேண்டும். ஊற்றியபின் நாலைந்து நிமிடம் சும்மா நிற்க வேண்டும். இந்தச் சும்மா நிற்றலைத்தான் ஒருவரும் செய்ய மாட்டார்கள். உலர்ந்து ஒட்டிய மண் நீரைக் குடித்து, ஊறி, தன் பிடியை விடுவதற்கு அந்நேரம் வேண்டும். பின்னர் மறுபடியும் ஊற்றும்போது, செம்மண் கரைந்து கதவுகளின் வழியே கோடு கோடாக இறங்குவதைக் காண்பீர்கள். கையால் தொடாமலே கழுவுதலிற் பாதி முடிந்துவிட்டது. கோடைகாலத்திற் கிணற்று நீரைச் சிக்கனப்படுத்த வேண்டியிருப்பின், பின்னர் வரும் அலசலிற் குறைத்தாலும் இந்த முதல் நனைப்பிற் குறைத்தல் ஆகாது.

அதன்பின் இரண்டு வாளிகள் வேண்டும். ஒன்றிலே சவர்க்கார நீர், மற்றதிலே வெறும் நீர். துணியைச் சவர்க்கார நீரில் தோய்த்து ஒரு கதவைக் கழுவியதும், அதனை மீண்டும் சவர்க்கார வாளியில் இடலாகாது. வெறும் நீரில் அலசிப் பிழிந்த பின்னரே சவர்க்கார நீருக்குப் போக வேண்டும். ஒரே வாளியாற் கழுவுபவர், கூரையிலிருந்து எடுத்த மணலை அவ்வாளி வழியாகப் பொனெற்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றார். வெறும் நீர் வாளியின் அடியில் மணல் படியும். துணியை அதன் அடிவரை அமிழ்த்த வேண்டாம். துளைகளுள்ள தட்டொன்றை அடியிற் கவிழ்த்து வைத்தால் இன்னும் நல்லது.

துணியை அழுத்தாமல், அதன் பாரத்திலேயே ஓட விட வேண்டும். வட்டமாகவன்று, நேராக. நேர்க்கீறல் ஒரு பக்கமிருந்து பார்த்தால் மாத்திரமே தெரியும். வட்டக்கீறல் எந்தப் பக்கமிருந்தும் தெரியும். கூரை, கண்ணாடிகள், பொனெற்று, கதவுகளின் மேற்பாதி என்று இறங்கி வந்து, சேறு மிகுந்த கீழ்ப்பாதியைக் கடைசியிற் கழுவுக. சில்லுகளுக்கு வேறு துணியும் வேறு நீரும் வேண்டும். பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் தூள் அங்கே அடைந்திருப்பதால், சில்லைக் கழுவிய துணி மறந்தும் கதவில் படலாகாது. மடிப்புகளிலும் ஓரங்களிலும் கை இன்னும் இலேசாக வேண்டும். பூச்சு நீராக இருக்கும்போதே கூரிய விளிம்பை விட்டு விலகி நிற்கும் இயல்புடையதாதலின், அவ்விடங்களில் அது எப்போதும் மெல்லியது. பழைய வண்டிகளில் விளிம்பு முதலில் வெளுத்திருப்பது இதனாலேயே. துணி கைதவறி நிலத்தில் விழுந்துவிட்டால் அன்றைக்கு அத்துணியின் வேலை முடிந்தது. நிலத்திற் பட்டதை இரண்டு தரம் உதறிவிட்டு மீண்டும் எடுப்போருக்கு இந்த ஒன்றை மட்டும் எத்தனை தரம் சொன்னாலும் ஏறுவதில்லை.

எந்தத் துணி என்று கேட்பீர்கள். பலமுறை தோய்த்து மெதுவான பழைய வேட்டி குற்றமில்லை; தையல் விளிம்பை வெட்டிவிட வேண்டும். பழைய சேட்டு வேண்டாம். அதிலே பொத்தான் உண்டு. இப்போது கடைகளிற் கிடைக்கும் மைக்கிரோபைபர் துணி இவை எல்லாவற்றிலும் மேலானது. அதன் இழைகள் மிக நுண்ணியனவாய்ப் பிளவுபட்டிருப்பதால், மணலைப் பூச்சின்மீது உருட்டாமல் தன்னுள்ளே வாங்கிக்கொள்கின்றன. தேங்காய்த் தும்பு, பாத்திரம் துலக்கும் பச்சைத் துண்டு ஆகியவை குசினியிலேயே இருக்கட்டும்.

சவர்க்காரத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல். அதனூடாக ஊறி வரும் கிணற்று நீர் வன்னீர். கேத்திலின் அடியிற் படியும் வெண்ணிற ஓடு அதற்குச் சாட்சி. வன்னீரிற் கட்டிச் சவர்க்காரம் நுரைப்பதற்கு முன், அதிலுள்ள கல்சியத்தோடு கூடிக் கரையாத கசடாகின்றது. அக்கசடு வண்டியின்மேல் மங்கலாகப் படியும். சலவைத்தூளிற் கரையாத துகள்கள் எஞ்சும். பாத்திரம் கழுவும் திரவமோ எண்ணெய்ப் பசையை அகற்றும் வன்மையால் வண்டியின் மெழுகையும் சேர்த்துக் கொண்டு போய்விடும். வாகனத்துக்கென்றே விற்கும் ஷம்பூ நுரைப்பதற்காக மட்டும் அன்று, வழுக்குவதற்காகவும் செய்யப்பட்டது; மணலும் பூச்சும் உராயாதபடி இடையில் ஒரு வழுவழுப்பை அது வைக்கின்றது. போத்தலிற் குறித்த அளவுக்கு மேல் ஊற்றுவதாற் பயனில்லை.

இவ்வன்னீர் இன்னொரு தொல்லையையும் தரும். வண்டியின்மேல் துளியாக நின்று வெயிலில் உலரும்போது நீர் ஆவியாகிச் சுண்ணாம்பு வெண்பொட்டாக எஞ்சுகின்றது. சவர் கலந்த கிணறுகளில் உப்பும் கூடவே படியும். நிழலிற் கழுவ வேண்டும் என்றதற்கு இது மற்றொரு காரணம். மாரிகாலத்திற் பீலியிலிருந்து விழும் மழைநீரை, முதல் மழை கூரையைக் கழுவிய பின், ஒரு பீப்பாயிற் பிடித்து வைப்பவர் பாக்கியவான். மழைநீரிற் சுண்ணாம்பு இல்லை. கடைசி அலசலுக்கு அதில் இரண்டு வாளி போதும். ஏற்கெனவே விழுந்த வெண்பொட்டுகளுக்கு, வினாகிரியைச் சம அளவு நீரிற் கலந்து மென்துணியால் ஒற்றி, உடனே நீர் விட்டு அலசினாற் பெரும்பாலும் கரையும். நகத்தாற் சுரண்டலாகாது.

காக்கை எச்சத்தை மாத்திரம் கழுவும் நாள் வரையில் விட்டுவைக்க முடியாது. அதிலே யூரிக் அமிலம் உண்டு; வெயிற் சூட்டில் இளகிய பூச்சிலே அது தன் உருவைப் பதித்துவிடும். உலர்ந்த எச்சத்தைத் துடைத்தால் அதனுள்ளிருக்கும் மணலும் விதையும் கீறும். நன்கு நனைந்த துணியொன்றை அதன்மேற் பத்து நிமிடம் போட்டுவையுங்கள். பின்னர் துடைக்காமல் துணியை மேலே தூக்கினால் எச்சமும் கூடவே வரும். மீந்ததை நீர் கொண்டுபோகும்.

தாமரை இலையில் நீர் ஒட்டாமையை நாம் பன்னெடுங் காலமாக உவமைக்கு எடுத்து வருகின்றோம். ஜேர்மனியிலுள்ள பொன் பல்கலைக்கழகத்துத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லொற் என்பவரும் அவருடைய துணைவர் ஒருவரும் அந்த இலையை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, 1997ஆம் ஆண்டில் தம் முடிபை வெளியிட்டனர். இலையின் மேற்பரப்பிற் கண்ணுக்குத் தெரியாத புடைப்புகளும் அவற்றின்மேல் மெழுகும் உள்ளன. அதனால் நீர்த்துளி பரவாது திரண்டு உருளுகின்றது. உருளும்போது தூசியையும் தன்மேல் ஏற்றிக்கொண்டு இறங்குகின்றது. சேற்றிலே பிறந்த இலை ஒருவரும் உரைஞ்சாமலே சுத்தமாக இருக்கும் வகை இதுதான். வண்டிக்கு மெழுகு இடுவது முற்றாக இதற்கு ஒப்பாகாவிடினும், நீர் திரளும் அளவுக்கேனும் உதவும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை, கழுவி உலர்த்திய பின் மெல்லியதாக இட்டாற் போதும். மழைத்துளி திரளாமற் பரவி நிற்கத் தொடங்கினால் மெழுகு தீர்ந்துவிட்டது என்று அறிந்துகொள்ளலாம்.

இறுதியிற் செய்வது உலர்த்துதல். அலசும்போது குழாயின் வாய்க்கருவியைக் கழற்றிவிட்டு, நீரைக் கூரையிலிருந்து சன்னமாக வழிய விட்டால், அது ஒரு விரிப்புப் போல இறங்கித் துளிகளிற் பெரும்பாலானவற்றைத் தானே இழுத்துச் செல்லும். எஞ்சியவற்றை, தடித்த துவாயொன்றை விரித்துப் போட்டு, ஒரு நிமிடம் விட்டு, மெல்ல எடுக்க வேண்டும்; குழந்தையின் தலையை ஒற்றுவது போல ஒற்ற வேண்டுமே தவிர, அழுத்தித் துடைக்க வேண்டுவதில்லை. கதவுகளைத் திறந்து ஓரங்களிலே தேங்கிய நீரையும் ஒற்றிவிடுங்கள். துரு தொடங்குவது அங்கேதான். துணிகளை வீட்டுச் சலவையோடு சேராமல் தனியே தோய்த்து, நிலத்திற் படாதபடி கொடியிற் போடுக. முள்வேலியில் உலர்த்தினால் முள்நுனி ஒடிந்து துணியிலே தங்கிவிடும்.